காம்பரா இசை: ஒரு செல்லோ, ஒரு பியானோ, ஒரு தப்பு

செல்லோவும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் மேலைத்தேயக் கச்சேரியைப் பற்றி நமது சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நமது வாசகர்களில் பெரும்பாலானோர் அத்தகைய கச்சேரி ஒன்றுக்குப் போனவர்கள் அல்லர். மலையகத்தில் இருந்துகொண்டு எழுதும் என் போன்றவர்களுக்கு அது இன்னும் தூரம். கொழும்பில் ஒரு மண்டபத்தில், மாலை நேரத்தில், அழைப்பிதழ் பெற்ற சிலர் கூடிக் கேட்கும் ஒன்றாகவே அது நம் மனதில் பதிந்திருக்கிறது. ஆயினும் 2024 செப்டெம்பரில் செல்லோ வித்துவான் ரொஹான் டி சேரம் தமது 85ஆவது வயதில் காலமான பின்னர், அவரைப் பற்றியும் அவருடைய சகோதரர், பியானோக் கலைஞர் துருவி டி சேரம் பற்றியும் யோசிக்கையில், இந்த விடயம் நமக்கு எட்டாதது அல்ல, நம்மைத் தொடாமல் போகக்கூடியதும் அல்ல என்று எனக்குப் பட்டது. அதற்கான காரணங்களை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். இவ்வகை இசையை ஆங்கிலேயர் அறை இசை என்ற பொருளிலேயே அழைக்கிறார்கள். இத்தாலியர் 'மூஸிக்கா டா காமெரா' என்பர். காமெரா என்றால் அறை. கோயிலிலும் அரங்கிலும் அல்லாமல், ஒரு வீட்டின் அறைக்குள் சில பேர் வாசிக்கச் சில பேர் கேட்பது என்பது அதன் பொருள். அதே லத்தீன் வேரிலிருந்து பிறந்தது போர்த்துக்கேயரின் 'காமரா'. அவர்கள் இலங்கையில் விட்டுச்சென்ற அந்தச் சொல் சிங்களத்தில் 'காமரய' ஆயிற்று. தோட்டத்து மக்களின் வாயில் அதுவே 'காம்பரா' ஆயிற்று. 10 அடிக்கு 12 அடி என்று அளந்து கட்டிக்கொடுக்கப்பட்ட லயக் காம்பராவின் பெயரும், அரசர்களின் மாளிகை அறையில் வாசிக்கப்பட்ட இசையின் பெயரும் ஒரே வேரில் முளைத்தவை. சொற்பிறப்பை வைத்து வேடிக்கை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அறை என்பது யாருடைய அறை, அங்கே யார் உட்கார்ந்து கேட்டார்கள், யார் வெளியே நின்றார்கள் என்ற கேள்வி இந்த இசையின் பெயரிலேயே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த காலத்தில் மேலைத்தேயச் சங்கீதம் என்பது ஐந்து கோடுகளும் சில பெயர்களும் பிறந்த, இறந்த ஆண்டுகளுமாகவே எங்களுக்கு அறிமுகமாயிற்று. ஒரு துண்டு இசையையேனும் எவரும் போட்டுக் காட்டவில்லை. ஆகவே இக்கட்டுரையைச் சங்கீதம் கற்றவனின் விமர்சனமாகக் கொள்ள வேண்டியதில்லை. இறுவட்டிலும் வானொலியிலும் பின்னர் கைத்தொலைபேசியிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவனின் கருத்துகள் இவை. இலக்கியம் வாசிப்பவனுக்கு இருக்கும் காது இதற்கும் போதும் என்பது என் நம்பிக்கை.

செல்லோ நமக்கு முற்றிலும் அந்நியமான வாத்தியமன்று. தமிழ்ச் சினிமாப் பாடல்களில், குறிப்பாக இளையராஜாவின் இசையில், வயலின்களுக்குக் கீழே கனத்துப் பாயும் குரல் அதனுடையது. 1986இல் வெளிவந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைக் கேட்டவர்களுக்கு ஐரோப்பியத் தந்தி வாத்தியங்களின் கூட்டொலி நன்கு பழக்கமானதே. செல்லோவுக்கு நான்கு தந்திகள். வாசிப்பவர் அதை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, மார்போடு சாய்த்து வைத்து, குதிரை மயிர் பூட்டிய வில்லால் இழுக்கிறார். ஆண் குரலின் அடித்தளத்திலிருந்து பெண் குரலின் உச்சம் வரை அதன் எல்லை விரிகிறது. விரல் பதியும் பலகையில் கட்டைகள் கிடையாது. எனவே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம், அசைக்கலாம், நடுக்கலாம். நம் காதுக்குப் பழக்கமான கமகத்துக்கு அதில் இடமுண்டு.

பியானோவின் சுபாவம் வேறு. 88 கட்டைகள். ஒவ்வொன்றின் சுரமும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. தட்டிய கணம் முதல் ஒலி தேயத் தொடங்குகிறது. செல்லோவைப் போல ஒரு சுரத்தை நீட்டி வளர்க்க அதனால் முடியாது. சுரங்களுக்கிடையே வழுக்கவும் முடியாது. கட்டைச் சுரங்களைப் பற்றிய ஐயம் நமது பிராந்தியத்துக்குப் புதிதன்று. ஆர்மோனியத்தின் நிலைத்த சுரங்கள் நமது இராகங்களுக்கு ஒவ்வாதவை என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அந்த வாத்தியத்தைத் தடைசெய்து வைத்திருந்தது. ஆனால் பியானோவுக்குச் செல்லோவிடம் இல்லாத பலம் ஒன்றுண்டு. பத்து விரல்களால் ஒரே நேரத்தில் பல குரல்களை எழுப்பலாம். ஒன்று நீண்ட ஒற்றைக் குரல். மற்றது பல குரல்களின் கூட்டம், ஆனால் எதுவும் நிலைக்காதது. ஒன்று தோல்வியடையும் இடத்தில் மற்றது வலுவானது. இவ்விரண்டையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, ஒன்றை மற்றது விழுங்காமல் பேசவைப்பதே இக்கச்சேரியின் முழுச் சவால்.

இதற்கு உதாரணமாக பீத்தோவனின் ஐந்து செல்லோ சொனாட்டாக்களில் மூன்றாவதை, அதாவது 1808இல் முடிக்கப்பட்டு அடுத்த ஆண்டு அச்சான 69ஆம் இலக்கப் படைப்பை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னர் 1796இல் பேர்லினில் அவர் எழுதிய முதலிரு சொனாட்டாக்களில் பியானோவின் கை ஓங்கியிருக்கும். வாசித்தவரும் அவரே அல்லவா? மூன்றாவதில் நிலைமை மாறுகிறது. தொடக்கத்தில் செல்லோ மட்டுமே தன்னந்தனியாகப் பேசுகிறது. ஆழமான குரலில், அவசரமின்றி, ஒரு வாக்கியத்தின் பாதியைச் சொல்லி நிறுத்துகிறது. மீதியைப் பியானோ மேலிருந்து எடுத்து முடிக்கிறது. முடித்துவிட்டுச் சிறியதொரு அலங்காரத்தையும் தனியாக வாசிக்கிறது. பின்னர் இருவரும் இடம் மாறுகிறார்கள். அதே வாக்கியத்தை இப்போது பியானோ தொடங்குகிறது. அலங்காரத்துக்கான தருணம் செல்லோவுக்குக் கிடைக்கிறது. ஒருவர் பெற்றதை மற்றவரும் பெற்றே தீரவேண்டும் என்ற நீதி, முதல் ஒரு நிமிடத்துக்குள் நிலைநாட்டப்பட்டுவிடுகிறது.

அடுத்து வரும் பகுதி விளையாட்டுத்தனமானது. அதில் தாளத்தின் அழுத்தம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாமல் ஓர் அடி முந்தியே விழுந்து காலை இடறும். நமது மிருதங்கக்காரர் எடுப்பைத் தள்ளிப்போட்டு விளையாடுவதை அறிந்தவர்கள் இதை உடனே அடையாளம் காண்பர். மூன்றாவது, 18 அளவைகளே கொண்ட மெதுவான பகுதி. தனித்ததொரு அங்கமாக விரியப்போகிறது என்று நாம் சாய்ந்து உட்காரும்போதே அது முடிந்து, வேகமான இறுதிப் பகுதி பிடித்துக்கொள்கிறது. பெரும் சோகம் ஒன்றைச் சொல்லத் தொடங்கியவர், சபையைப் பார்த்துவிட்டுச் சிரித்துப் பேச்சை மாற்றுவதைப் போல எனக்கு அது தோன்றும். கேட்கும் சக்தியை இழந்துகொண்டிருந்த ஒருவர் எழுதியது என்பதையும் சேர்த்து நினைக்கையில், அந்தச் சிரிப்பு இலேசான சிரிப்பன்று.

கர்நாடகக் கச்சேரியில் பக்கவாத்தியம் என்ற ஏற்பாடு உண்டு. பாடகர் நடுவில், வயலினும் மிருதங்கமும் பக்கங்களில். அந்த ஏற்பாட்டுக்கு அதற்குரிய அழகு இருக்கிறது. ஆனால் இந்தச் சொனாட்டாவில் பக்கவாத்தியமே கிடையாது. அச்சிட்ட தலைப்பில் பியானோவின் பெயர்தான் முன்னால் இருந்தது. இன்றைய சுவரொட்டிகளிலோ செல்லோக்காரரின் பெயர் பெரிதாகவும் பியானோக்காரரின் பெயர் சிறிதாகவும் இருக்கக் காண்கிறோம். வாத்தியங்களின் சமத்துவத்தைப் படைப்பு ஒப்புக்கொள்கிறது. சந்தை ஒப்புக்கொள்வதில்லை.

டி சேரம் சகோதரர்களின் கதையும் இந்த இடத்தில்தான் நமக்கு முக்கியமாகிறது. ரொஹான் 1939இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே இத்தாலிக்குச் சென்று கஸ்பார் கஸாடோவிடம் பயின்றார். பின்னர் பாப்லோ கசல்ஸிடமும் கற்றார். 1960இல் நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்தில் வாசித்தார். 1977 முதல் 2005 வரை ஆர்டிட்டி நால்வர் குழுவின் செல்லோக் கலைஞராக, இருபதாம் நூற்றாண்டின் கடினமான புதிய இசையையெல்லாம் உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்றார். இலங்கை அரசு அவருக்கு தேசமான்ய விருது வழங்கியது. இவையெல்லாம் அவருக்கான அஞ்சலிகளில் சொல்லப்பட்டவை. துருவியோ அண்ணனோடு இணைந்து செல்லோ - பியானோக் கச்சேரிகளை நிகழ்த்தியவர். இலங்கையின் மேலைத்தேய இசைச் சூழலில் நன்கு அறியப்பட்டவர். அஞ்சலிகளில் அவருக்கு ஒரு வரி கிடைக்கும், பல வேளைகளில் 'துணையாக வாசித்தார்' என்ற வாய்பாட்டோடு. பீத்தோவன் மறுத்த ஒன்றை நாம் எழுத்தில் மீண்டும் கொண்டுவந்து வைக்கிறோம். ஒரே வீட்டில், ஒரே அறையில் வளர்ந்த இரண்டு காதுகள் ஒன்றையொன்று கேட்டுப் பழகியதன் பயன்தான் அத்தகைய கச்சேரி. அதில் பாதியை மட்டும் புகழ்வது பாதியை மட்டும் கேட்டதற்குச் சமம்.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்களுடைய தாயார் மிரியம் டி சேரம், மேட்டுக்குடிப் பெண்கள் ஆடத் துணியாத காலத்தில் கண்டிய நடனத்தைக் கற்று மேடையேறிய முன்னோடிகளில் ஒருவர். கண்டிய மேளமான கெட்ட பெரவை ரொஹான் இளமையிலேயே அறிந்தார், பியசார சில்பாதிபதியிடம் அதைப் பயின்றார். ஒரு கையில் வில், மறு கையில் மேளம் என்று சொல்லத்தக்க வளர்ப்பு அது. இந்த வளர்ப்பு தனி ஒரு குடும்பத்தின் விசித்திரமுமன்று. அதற்கு முந்திய தலைமுறையில் லயனல் வென்ட் இருக்கிறார். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த வென்ட் ஒரு பியானோக் கலைஞர். அதைவிடப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். இலங்கையில் செல்லோ - பியானோக் கச்சேரி என்றதும் நினைவுக்கு வரும் கொழும்பு மண்டபம் இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

வென்ட்டின் குரலை நாம் கேட்கக்கூடிய ஒரு படம் உண்டு. பசில் ரைட் இயக்கிய 'சோங் ஒப் சிலோன்'. 1934இல் உருவான இந்த ஆவணப்படத்தின் வர்ணனையை வாசித்தவர் வென்ட். எடுக்கச் சொன்னது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. அதாவது நமது கொழுந்தை விற்பதற்காகப் பிறந்த படம் அது. கலை நேர்த்தியில் அதற்கு ஈடான ஆவணப்படங்கள் குறைவு. அடுத்த ஆண்டு பிரசெல்ஸ் விழாவில் அது பரிசும் பெற்றது. அதன் மூன்றாம் பகுதியின் பெயர் வணிகத்தின் குரல்கள். தோட்டமும் உழைப்பும் திரையில் வருகையில் மேலோங்கி ஒலிப்பவை சந்தை விலைகளும் வியாபாரக் கடிதங்களும். கடைசிப் பகுதியில் கண்டிய நடனம் வருகிறது, மேளம் அதிர்கிறது. உழைப்புக்கு விலைப்பட்டியல், அழகுக்கு மேளம் என்று அப்படம் பிரித்து வைத்த பிரிவினை, அதன் பின்னர் வந்த தொண்ணூறு ஆண்டுகளில் நமது நாட்டின் கலைப் பார்வையில் பெரிதாக மாறிவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு, ரொஹானின் வாழ்வில் மிக முக்கியமானது என்று பலரும் கருதும் படைப்புக்கு வருவோம். இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பேரியோ, தனி வாத்தியங்களுக்காக 'செக்குவென்சா' என்ற தலைப்பில் வரிசையாக எழுதினார். அவற்றில் இறுதியானது 14ஆவது. செல்லோவுக்கானது. ரொஹானுக்காகவே எழுதப்பட்டது. 2002இல் ஜேர்மனியின் விற்றன் நகரில் அவர் அதை முதன்முறையாக வாசித்தார். அடுத்த ஆண்டு பேரியோ காலமானார். அப்படைப்பில் செல்லோவின் உடல் மேளமாகிறது. வாசிப்பவரின் ஒரு கை தந்திகளின் மீது விரல்களை அடித்துப் பதிக்க, மறு கை மரப்பெட்டியைத் தட்டுகிறது. தட்டப்படும் தாளங்கள் கண்டிய மேளத்திலிருந்து வந்தவை. ரொஹான் வாசித்துக் காட்டப் பேரியோ கற்றுக்கொண்டவை. கெட்ட பெரவின் இரு முகங்களிலும் இரு வேறு தோல்கள், இரு வேறு குரல்கள். செல்லோவிலும் மரத்தின் குரல் ஒன்று, தந்தியின் குரல் ஒன்று என்று அந்த இருமை பிழைத்திருக்கிறது. இடையிடையே வில் வருகிறது, நீண்ட ஒலிகள் எழுகின்றன, பின்னர் மீண்டும் தட்டல்.

முதல் தடவை கேட்கையில் இது என்ன வித்தை என்று தோன்றலாம். பல தடவை கேட்டபின் எனக்குத் தோன்றியது வேறு. இது தனி வாத்தியத்துக்கான படைப்பு என்று சொல்லப்பட்டாலும் உண்மையில் இருவருக்கான இசை. ஒரு மனிதரின் இரண்டு கைகளும் இரண்டு பரம்பரைகளாகி ஒன்றையொன்று கேட்கின்றன. அறை இசையின் இலக்கணம் அங்கே ஒரே உடலுக்குள் நிகழ்கிறது. கீழைத்தேயத் தாளத்தை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ளும் மேலைத்தேயப் படைப்புகள் ஏராளம் உண்டு. அவற்றிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான். மேளம் இங்கே அலங்காரமாக வரவில்லை, படைப்பின் எலும்பாகவே வந்திருக்கிறது.

ஆனால் 'இலங்கையின் தாளம் உலகை வென்றது' என்ற பாராட்டை நான் அப்படியே ஏற்கமாட்டேன். எந்த இலங்கையின் தாளம் என்று கேட்கவேண்டியிருக்கிறது. பேரியோ அறிந்த மேளம் மத்திய மலைநாட்டினுடையது. அதே மலைநாட்டில், சில மைல்களுக்கு அப்பால், ஹற்றனிலும் நுவரெலியாவிலும் பூண்டுலோயாவிலும் இன்னொரு தோல் வாத்தியம் ஒலித்துக்கொண்டே இருந்தது. அதுதான் தப்பு.

தப்பின் வரலாறு நமது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு வரவழைக்கத் துரைமாரின் ஏற்பாட்டில் அடிக்கப்பட்டது அது. அதே தப்பே மாசி மாதத்தில் காமன் கூத்தில் மதனையும் ரதியையும் ஆடவைத்தது. திருவிழாவில் அடிபட்டது, சாவு வீட்டிலும் அடிபட்டது. வட்டமான மரச் சட்டம், ஒரு முகத்தில் மட்டும் தோல், இரு கைகளில் நீளமும் தடிமனும் வேறுபட்ட இரண்டு குச்சிகள். அடிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்குவர். மலையகத்தின் ஈரக் காற்றில் தோல் தளர்வதும் மீண்டும் காய்ச்சுவதுமாகவே ஒரு கூத்து இரவு கழியும். பியானோவும் இதே ஈரத்தில் சுருதி இழக்கும் வாத்தியம்தான். அதற்குச் சுருதி சேர்ப்பவரைக் காசு கொடுத்து வரவழைக்க வேண்டும். தப்புக்கு ஒரு பிடி வைக்கோல் போதும்.

சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைச் சேகரித்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கியபோது சொற்கள் காப்பாற்றப்பட்டன. தப்பின் அடிகள் அவ்வளவு நேர்த்தியாக எழுத்தில் ஏறவில்லை. எந்தக் கட்டத்துக்கு எந்த அடி என்பது அடிப்பவரின் கையிலேயே இருக்கிறது, அவரோடு போகவும் செய்கிறது.

கண்டிய மேளம் உலக மேடைக்குப் போனதற்கும் தப்பு லயத்து வாசலிலேயே நின்றதற்கும் காரணம் இசையில் இல்லை. கண்டிய மேளம் அடித்தவர்களும் சாதி அமைப்பில் தாழ்த்தப்பட்டவர்களே. அந்தத் தாழ்வு இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அந்த வாத்தியத்துக்குச் சில வாசல்கள் திறந்தன. வென்ட் போன்றவர்களின் கமெராவும் மிரியம் போன்றவர்களின் கால்களும், சுதந்திரத்தின் பின்னர் அரசும் பாடசாலையும் அதைத் தூக்கி நிறுத்தின. தப்புக்கு அத்தகைய வீடு ஒன்று வாய்க்கவில்லை. 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்ட மக்களின் வாத்தியத்தைத் தேசிய அழகென்று யார் சொல்லப்போகிறார்கள்? தமிழர்களாகிய நாமும் அதைத் தூக்கவில்லை. நமது பாடசாலைகளில் சங்கீதம் என்றால் கீழைத்தேயம், கர்நாடகம், மேலைத்தேயம் என்று மூன்று. தோட்டப் பிள்ளை தன் காதில் முதலில் விழுந்த தாளத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டுத்தான் அம்மூன்றில் ஒன்றுக்குள் நுழைகிறது. அதோடு, தப்படிப்பது என்றால் இழிவு என்ற எண்ணத்தை வளர்த்ததில் நமது சொந்தச் சாதி வெறிக்குப் பெரும் பங்குண்டு. சாவு வீட்டில் இனித் தப்படிக்கமாட்டோம் என்று மறுக்கும் இளைஞனை நான் குறை சொல்லமாட்டேன். அதையே கலையாக நிமிர்ந்து நின்று அடிப்போம் என்று சொல்லும் இளைஞனையும் வரவேற்கிறேன். தமிழ்நாட்டில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையிலெடுத்ததை இந்த இரண்டாவது வழிக்கு உதாரணமாகச் சொல்லலாம்.

இங்கே இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ஒன்று, நாட்சம்பளத்துக்கும் காணிக்கும் போராடிக்கொண்டிருக்கும் மக்களிடையே இருந்துகொண்டு பீத்தோவனைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்பது. இதை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. நல்லது எதுவும் நமக்கு வேண்டாம் என்று நாமே சொல்லிக்கொள்வது, நல்லது எதுவும் உங்களுக்கு எதற்கு என்று துரை சொன்னதன் மறுபக்கமே. நுவரெலியாவின் கிளப்பிலும் பங்களாவிலும் பியானோ இருந்ததால் பியானோ துரையின் சொத்தாகிவிடாது. அதைக் கேட்க ஒரு காது போதும். காதுக்குப் பாஸ் தேவையில்லை.

மற்றது, இசைக்கு மொழியில்லை, எல்லை இல்லை, ஆகவே இந்தச் சாதி, வர்க்கக் கணக்கெல்லாம் எதற்கு என்பது. இது கேட்க இனிமையான வாதம். ஆனால் எல்லை இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எல்லைக்கு உள்ளே நிற்பவர்கள். கண்டிய மேளம் பேரியோவை அடைந்தது அது எல்லையற்றது என்பதாலல்ல. அதை எடுத்துச் செல்ல ஒரு ரொஹான் இருந்தார், அவரை உருவாக்க ஒரு வீடு இருந்தது, வீட்டுக்கு வசதி இருந்தது. இதைச் சொல்வதால் ரொஹானின் பெருமை குறையாது. வசதி இருந்த எத்தனையோ வீடுகள் மேளத்தைக் காதில் வாங்கவே இல்லை. அவர் வாங்கினார். வாங்கியதைத் தமது கலையின் மையத்திலேயே வைத்தார். குறை அவருடையதல்ல. அவரைக் கொண்டாடுகையில் மீதியை மறந்துவிடும் நமது விமர்சனத்தினுடையது.

இலக்கியக்காரர்களாகிய நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. துணை என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளனை மூல ஆசிரியனுக்குத் துணை என்கிறோம். மாத்தளையின் பண்ணாமத்துக் கவிராயர் பிறமொழிக் கவிதைகளைத் தமிழில் தந்தவற்றை வாசித்தவர்களுக்குத் தெரியும், அங்கே இரண்டு குரல்கள் சமமாக ஒலிக்கின்றன. செல்லோ தொடங்கிய வாக்கியத்தைப் பியானோ முடிப்பதைப் போல, மூலம் தொடங்கியதைத் தமிழ் முடிக்கிறது. இலக்கிய வரலாறுகளிலும் இதே கதைதான். மலையக இலக்கியம் பற்றிய கட்டுரையில் மலைநாட்டு முஸ்லிம் எழுத்து கடைசிப் பந்தியில் வரும். முஸ்லிம் இலக்கியம் பற்றிய கட்டுரையில் அதுவே இன்னொரு கடைசிப் பந்தியில் வரும். இரண்டு கச்சேரியிலும் பக்கவாத்தியம். கண்டிச் சீமையில் பிறந்து அருள்வாக்கி என்று போற்றப்பட்ட அப்துல் காதிர் புலவர், கோப்பி அழிந்து தேயிலை எழுந்த அதே காலத்தில் வாழ்ந்தவர். அவரை மலையக வரலாற்றின் முதல் பக்கங்களில் வைத்து வாசித்தால் என்ன வெளிச்சம் கிடைக்கும் என்று நாம் முயன்று பார்த்ததுண்டா?

இதற்காக எல்லாவற்றையும் ஒரே குரலாக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செல்லோ பியானோ ஆகவேண்டியதில்லை. இரண்டும் ஒரே சுரத்தை வாசிக்கும்போதுகூட வில்லின் ஒலி வேறு, சுத்தியலின் ஒலி வேறு. வேறுபாடு கேட்கவேண்டும். ஆனால் ஒன்று பேசுகையில் மற்றது கேட்கவேண்டும், தன் முறை வருகையில் பேசவேண்டும், முறை வராமலே போய்விடக் கூடாது. நல்ல இருவர் கச்சேரியில் வாசிப்பவரின் முகத்தைக் கவனியுங்கள். தான் வாசிக்காத இடத்தில்தான் அவர் மிகக் கூர்மையாக இருப்பார். நமது இலக்கியக் கூட்டங்களில் பேசி முடித்ததும் எழுந்து போய்விடும் பேச்சாளர்களை எண்ணிப் பார்க்கிறேன்.

செய்யக்கூடியவை சில உண்டு. எந்தப் பாடசாலையிலும் ஒரு சங்கீத பாடவேளையில் பீத்தோவனின் அந்தச் சொனாட்டாவின் முதல் சில நிமிடங்களைப் போட்டுக்காட்டலாம். இப்போது அதற்கு ஒரு கைத்தொலைபேசி போதும். எது பேசுகிறது, எது கேட்கிறது, எங்கே இடம் மாறுகின்றன என்று பிள்ளைகளிடம் கேட்கலாம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் சரியாகச் சொல்லும். அடுத்த பாடவேளைக்கு ஊரில் தப்படிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து, கதிரை போட்டு உட்காரவைத்து, காமன் கூத்தின் அடிகளை ஒவ்வொன்றாக அடித்துக் காட்டச் சொல்லலாம். அவற்றின் பெயர்களையும் கணக்கையும் எழுதிக்கொள்ளலாம், ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். பேரியோவுக்கு ரொஹான் அடித்துக் காட்டியதும் இதைப் போன்றதொரு வேலையே. ஒருவர் அடித்தார், மற்றவர் கேட்டு எழுதினார்.

தப்பின் கணக்கை எழுதக்கூடியவர்கள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது.